மேஜர் புரந்தர் சாக மறுக்கிறார்

உளவு நாவல் எழுதும் தொழிலில் ஹீரோவுக்கு வயதே ஆகாது. அவனுக்கு ஆக வேண்டிய வயதும் சேர்ந்து எழுதுகிறவன் தலையில் விழும்.

மேஜர் புரந்தரை நான் ஆரம்பித்தபோது எனக்கு முப்பது வயது, அவருக்கு முப்பத்திரண்டு. ராணுவத்து ஆள், கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு வயது கூட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் அவருக்கு முப்பத்திரண்டுதான். நான் கரோல் பாக் மெட்ரோவில் படியேறும்போது நடுவில் நின்று, விளம்பரப் பலகையை ரசிப்பவன்போல மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அவர் மாதா மாதம் ஹெலிகாப்டரின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

மாதம் ஒரு நாவல், சென்னையில் அச்சாகும். பகலில் நான் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் கோதுமை சம்பந்தப்பட்ட கோப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆனதும் கோதுமை என்னை விட்டுவிட்டது, மேஜர் விடவில்லை. அவர் கதையில் ஒன்றைப் படித்தவர் எல்லாவற்றையும் படித்தவர். முதல் அத்தியாயத்தில் கறுப்புக் காபி குடிப்பார். நடுவில் அவருடைய உதவியாளர் லீனா கடத்தப்படுவாள். வில்லன் மேஜரைக் கட்டிப்போட்டுவிட்டு, தன் முழுத் திட்டத்தையும் அவரிடமே ஒப்பிப்பான். மேஜரின் இடது தோளில் குண்டு பாயும். கடைசியில் அவர் உதட்டோரம் ஒரு புன்னகை தவழும். ரயிலேறும்போது வாங்கி, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போன சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அலுத்துப் போனால் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த ஜன்னலும் கிடையாது. அதனால் சில வருஷங்களாக எனக்கு ஒரே ஆசை: நான் போவதற்குள் மேஜர் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் என் கருமாதிக்கும் சென்னையிலிருந்து ஆள் வந்து, இலையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த அத்தியாயம் எங்கே என்பார்கள்.

வீட்டுக்காரருக்கு வந்த சந்தேகம்

எங்கள் வீட்டுக்காரர் பஞ்சாபி. மல்ஹோத்ராஜி என்று கூப்பிடுவோம். கீழ்த்தளத்தில் அவர், மேல்தளத்தில் நான். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் தமிழர்கள் பேசும்போது நடுநடுவே விழும் இங்கிலீஷ் வார்த்தைகளை, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுவார். நானோ போனில் சிக்னல் கிடைப்பதற்காக பால்கனியில் நின்று கத்துகிறவன். சென்னையில் என் பதிப்பாளர் சபாபதிக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு. "சபாபதி, இந்த மாசம் பாம் வேண்டாம். மினிஸ்டரை ஏர்போர்ட்லயே ஃபினிஷ் பண்ணிடலாம். லீனாவை கிட்னாப் பண்ணி காஷ்மீர் கொண்டுபோயிடறேன். வியாழக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு அனுப்பிடறேன்" என்பேன். கீழே மல்ஹோத்ராஜி ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வையை, வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருப்பார். போட்ட கை போட்டபடி நிற்கும்.

ஒரு வாரம் அவர் என்னைப் பார்த்தால் ஒதுங்கினார். அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அதோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது: நான் சர்க்கார் உளவாளியேதான். அடுத்த நாள் மாடிப்படியில் என்னைக் கண்டதும் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். நான் கோதுமை இலாகாவில் இருந்தவன் என்று சொன்னேன். "அச்சா, கோதுமை" என்று கண்ணடித்தார். இன்னும் அழுத்திச் சொன்னால் நம்பிக்கை கூடிவிடும்போல இருந்தது. எனக்கும் அது பிடிக்காமல் இல்லை, விட்டுவிட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு இந்தியில் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் தமிழில் தருகிறேன்: "ஜி, தேசத்துக்காக நீங்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா பாம் வைக்கிற அன்னைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மாடித் தண்ணித் தொட்டி இப்பத்தான் மாத்தினேன்."

பனிமலையில் ஒட்டகம்

எங்கள் தொழிலில் அட்டைப்படம் முதலில் வரும், கதை பின்னால் வரும். சபாபதி எங்கோ மொத்தமாகப் படங்கள் வாங்கி வைத்திருப்பார். மாதம் பிறந்ததும் ஒன்றை அனுப்புவார். அதில் என்ன இருக்கிறதோ அதைக் கதைக்குள் கொண்டுவருவது என் பாடு. ஹெலிகாப்டர், பனிமலை, துப்பாக்கியோடு ஒரு பெண் என்று வந்துகொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை. பனிமலைக் கதைகளை நான் மே மாதத்தில்தான் எழுதுவேன். வெளியே அனல் காற்று, உள்ளே கூலர் கடகடவென்று தண்ணீரைத் துப்பிக்கொண்டிருக்கும். நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே "மேஜரின் விரல்கள் விறைத்தன" என்று எழுதுவேன். ஒரு தடவை அந்த வர்ணனையில் நானே மயங்கி, எழுந்து போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நம்பாதவர்கள் என் மகளைக் கேட்கலாம். அவளும் நம்பவில்லை.

ஒரு மாதம் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அஜ்மல் கான் ரோடு முழுக்க நடந்துவிட்டு வந்து பேனாவை மாற்றிப் பார்த்தேன், நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், தெற்கு பார்த்து உட்கார்ந்தேன். புரந்தர் எந்தத் திசையிலும் கறுப்புக் காபிதான் கேட்டார். சபாபதியைக் கூப்பிட்டு, "இந்த ஒரு மாசம் மேஜர் லீவுல இருக்கட்டும். வீட்டுல உக்காந்து ரேடியோ ரிப்பேர் பண்ணட்டும். அதையே கதையா எழுதறேன்" என்றேன். "மேஜர் உக்காந்தா வாசகர் எந்திரிச்சுப் போயிடுவான் சார்" என்று சொல்லி, அந்த மாத அட்டைப்படத்தை அனுப்பினார். ஒட்டகம். தலைப்பு ஏற்கனவே அச்சாகியிருந்தது: பனிமலைப் பயங்கரம். நான் ஆத்திரத்தில் அந்த ஒட்டகத்தை லடாக்கில் ஒரு பனிப்பாறையின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அது அங்கே எப்படி ஏறியது என்று விளக்கவே இல்லை. வாசகர்கள் கல்லெறியட்டும், தொடரே நின்றுபோகட்டும் என்று காத்திருந்தேன். மாதக் கடைசியில் சபாபதியின் போன் வந்தது: "சார், ஒட்டகம் ரொம்ப நல்லா எடுபட்டுச்சு, அடுத்த மாசம் ரெண்டா போட்ருங்க."

இடது தோள்

மந்திர் மார்க் பக்கம் ஒரு தமிழர் கூட்டத்தில் என்னை எழுத்தாளர் என்று அறிமுகம் செய்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்தார். பெயர் ஜெசிந்தா, ஊர் நாகர்கோவில். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஊருக்குப் போய்வரும் இரண்டு நாள் ரயில் பயணத்தில் மேஜர்தான் துணை என்றார். பாராட்டுதான் வரப்போகிறது என்று நான் வடையை அவசரமாக விழுங்கினேன். அவர் என்னுடைய இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மசால் தோசையில் கிழங்கு வைக்க இடம் பார்க்கிற மாதிரி.

"அங்கிள், எங்க தியேட்டருல மேஜரைப் பத்தி நாங்க பேசுவோம். ஒரு மனுசன் ஒரே தோளுல மாசம் ஒரு குண்டு வாங்குனா, அந்தத் தோளு இப்ப எப்படி இருக்கும்ணு" என்றார். நான் அசடு வழியாமல் இருக்க, மேஜருக்கு விசேஷ உடம்பு, சீக்கிரம் ஆறிவிடும் என்றேன். இமயமலை மூலிகை ஒன்றும் உண்டு, ரகசியம், ராணுவத்துக்கு மட்டும் கொடுப்பார்கள் என்று சேர்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மூலிகையின் பெயர் கேட்டார். நான் இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னது: "செரி அங்கிள், மூலிகை இருக்கட்டு. அந்த ஆளுக்க வலது தோளு பொறந்ததுல இருந்து சும்மாதான இருக்கு, அதுக்கும் ஒரு வேலை குடுங்க."

சக எழுத்தாளர்

என் மகள் வித்யா டில்லியில் பிறந்தவள். வாயில் தமிழ் இருக்கிறது, கண்ணில் இல்லை. அதாவது பேசுவாள், படிக்க வராது. என் கதைகளில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அமைதி நிலவுவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் கையால் எழுதுவதைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்புவது மட்டும் அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். "அப்பா, உக்காருங்கோ. இப்படி நடந்தா கீழ மல்ஹோத்ரா அங்கிளுக்குத் தலை சுத்தும். இதோ, ஜல்தியா முடிச்சுடலாம்" என்று போனை எடுத்தாள். இப்போது மிஷினே கதை எழுதுகிறதாம். மேஜர், பனிமலை, லீனா, ஹெலிகாப்டர் என்று நாலு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான்.

நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நாவல் தயார். அவளுக்குப் படிக்க வராது என்பதால் மிஷினையே வாசிக்கச் சொன்னாள். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் சொல்கிற மாதிரி ஒரு பெண் குரல். "மேஜரின் உதட்டோரம் ஒரு புன்னகை தவழ்ந்தது" என்று அது சொன்னதும் எனக்கு முதுகில் வியர்த்தது. "லீனாவைக் கடத்தியாச்சா?" என்று கேட்டேன். "அது எப்பவோ ஆயிடுத்துப்பா" என்றாள் வித்யா. இடது தோளும் வந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்கே தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் நான் மிஷினாக இருந்திருக்கிறேன், மின்சாரச் செலவு மட்டும்தான் இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வாசித்து முடித்த அந்தக் குரல் கொஞ்சம் நிறுத்தி, சபாபதி உட்பட ஒருவரும் என்னிடம் ஒரு நாளும் கேட்காத ஒன்றை மரியாதையாகக் கேட்டது: "இந்தக் கதைக்கு வேறு முடிவு வேண்டுமா?"

கல்

வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மேஜரைக் கொல்வது. ஆனால் கழுதையை அடிப்பதுபோல அடிக்க மனம் வரவில்லை. அவருக்கு ஏற்ற கௌரவமான சாவாக, இதுவரை யாரும் எழுதாததாக இருக்க வேண்டும். டில்லியில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். கூட வருகிற வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூலர் மெக்கானிக்கிடம் எப்போது என்று கேட்டால் "கல்" என்பான். நாளை வரப்போகிறானா, நேற்று வந்து கதவு பூட்டியிருந்ததா என்று நாம் நின்று யோசிக்க வேண்டும். என் சதி இதுதான். எதிரிகள் இருவர் போனில் பேசுவதை மேஜர் ஒட்டுக்கேட்கிறார். "பாம் எப்போது?" என்கிறான் ஒருவன். "கல்" என்கிறான் மற்றவன். வினைச்சொல் கிடையாது. நாளைதானே என்று மேஜர் நிம்மதியாகத் தன் டிராயிங் ரூம் சோபாவில் சாய்ந்து கறுப்புக் காபியை உறிஞ்சுகிறார். நேற்றே வைத்தாகிவிட்டது. சோபாவுக்கு அடியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். முற்றுப்புள்ளி. இதற்கு மேல் எழுதுவது அநாகரிகம். எழுதி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகி, நேரே போய் இரண்டு தட்டு ஜிலேபி சாப்பிட்டுவிட்டு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இனி மேஜர் கவலை என்று தூங்கிவிட்டேன்.

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். "'கல்!' என்று அலறினான் எதிரி. மேஜர் திரும்பிப் பார்த்தார். ஆம், அங்கே ஒரு பாறாங்கல் இருந்தது. மின்னலெனப் பாய்ந்து அதன் பின்னால் பதுங்கினார். குண்டு வெடித்தது. அவர் உதட்டோரம் ஒரு புன்னகை தவழ்ந்தது." டில்லியில் ஒரு பங்களாவின் டிராயிங் ரூமில், சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவில், பாறாங்கல்! சபாபதியிடம் பிழை திருத்துகிறவர் புலவர் மாணிக்கம் என்று ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தி வாடை படாதவர். அவருக்குக் கல் என்றால் கல்தான். டிக் டிக் என்று கதை நின்றதைப் பார்த்து, வித்யா ஒரு பக்கத்தைப் படமெடுக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவரே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிட்டார். நான் புலவரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். நேற்று என்றேன், நாளை என்றேன், வினைச்சொல் என்றேன். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, இனிமேல் என் எழுத்தில் ஒற்றுப்பிழையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு, மனம் நொந்த குரலில்: "ஒரே ஒரு கல்லை வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் ஐயா, நன்றி சொல்லத்தான் அழைத்தீர்கள் என்று நினைத்துவிட்டேன்."

நீல வண்டி

அடுத்த மாதம் எந்த நகாசும் வைத்துக்கொள்ளவில்லை. பச்சைத் தமிழில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். மேஜர் புரந்தர் நெஞ்சில் சுடப்பட்டார். இறந்தார். மூன்று டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். லீனா அழுதாள். எரித்தார்கள். சாம்பலை யமுனையில் கரைத்தார்கள். அவருக்கு இரட்டைச் சகோதரர் கிடையாது, அவரைப்போல முகமூடி அணிந்தவரும் கிடையாது. புலவர் சொன்ன சொல் தவறாதவர், இரண்டு இடத்தில் ஒற்று மட்டும் போட்டு அப்படியே விட்டார். புத்தகம் கடைக்குப் போனது. நான் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். குளிக்கும்போது சோப்புப் பெட்டி மேல் வைத்தேன். வாசகர்கள் கொதிப்பார்கள், திட்டுவார்கள், ஒரு கிழவியாவது சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு போன் வந்தது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று.

அப்படி இருப்புக்கொள்ளாமல் ஒரு நாள், புசா ரோட்டில் மருந்து வாங்க, ஒரே ஸ்டேஷன் தூரத்துக்கு மெட்ரோவில் ஏறினேன். நீல வண்டி. எதிர் சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கையெல்லாம் சிமென்ட் படிந்திருந்தது, என் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். சாகிற மாதத்துப் புத்தகம்! பக்கத்தில் இடம் காலியானதும் போய் உட்கார்ந்துகொண்டேன். என் ஸ்டேஷன் போயிற்று, பட்டேல் நகர் போயிற்று, கீர்த்தி நகர் போயிற்று. அவர் எழுத்துக் கூட்டுகிறவர்போல நிதானமாகப் படித்தார். லீனா கடத்தப்பட்டாள். வில்லன் திட்டத்தை ஒப்பித்தான். ராஜோரி கார்டன் தாண்டி ஒரு வழியாகக் கடைசி அத்தியாயம் வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார், நான் மூச்சைப் பிடித்தேன். அவர் புத்தகத்தை மூடி, டிபன் பாக்ஸ் பைக்குள் செருகினார்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏங்க, கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கே!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு, பிறகு தமிழ் கேட்ட சந்தோஷத்தில் சிரித்தார். கள்ளக்குறிச்சிப் பக்கமாம், டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. "அதுல என்ன சார் இருக்கப்போவுது? இந்தாளு புக்குல கடேசிய நான் எப்பவுமே படிக்கறது இல்ல. எங்க ஆளுங்களும் அப்டித்தான். மேஜரு ஜெயிப்பாரு, சிரிப்பாரு. அந்த நேரம் கண்ண மூடுனா ரெண்டு ஸ்டேசன் தூங்கலாம்" என்றார். "ஒருவேளை இந்தத் தடவை மேஜர் செத்துப்போயிருந்தா?" என்று கேட்டேன். அவர் என் தொடையில் தட்டி, பக்கத்திலிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்: "எழுதுறவன் செத்தாலும் செத்துருவான் சார், அந்தாளு சாவ மாட்டான்."

எனக்கு யாரும் சொல்லலையே

துவாரகா வரை போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான் கொன்றது கொன்றதுதான். ஆனால் பிணம் கிடக்கிற அறைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அது என்ன கொலை? மூன்றாம் நாள் சபாபதி கூப்பிட்டார். "சார், அடுத்த மாசக் கதை எங்க? அட்டை ரெடியாயிடுச்சு. நீர்மூழ்கிக் கப்பல்." நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னேன்: "சபாபதி, மேஜர் போயிட்டார்."

"எங்க, ரஷ்யாவுக்கா?"

"இல்லை. செத்துட்டார். மூணு வாரம் ஆச்சு."

சென்னையில் எங்கோ ஆட்டோ ஹாரன் கேட்டது. "ஐயையோ" என்றார் சபாபதி. நிஜமாகவே துக்கம் விசாரிக்கிற குரல். "எப்படி சார்? தோள்லயா?" நெஞ்சில் என்றேன். "எனக்கு யாரும் சொல்லலையே சார்! நான் எங்க படிக்கிறேன், பக்கம் சரியா இருக்கான்னு எடை போட்டுப் பாத்து அனுப்பிடுவேன். புலவர் ஒரு வார்த்தை மூச்சு விடலையே!" புலவர் ஒற்றுப்பிழையை மட்டும்தான் பார்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார் என்று விளக்கினேன். யாராவது கேட்டார்களா, எவராவது அழுதார்களா, ஒரு கடுதாசி, ஒரு வசை, ஏதாவது? ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லும்போதே அவர் குரலில் துக்கம் வடிந்து வியாபாரம் ஏறுவது எனக்குக் கேட்டது. நான் இனிமேல் எழுத மாட்டேன், செத்தவரை எழுப்ப மாட்டேன் என்றேன். என்னைக் கெஞ்சுவார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கெஞ்ச வேண்டும் என்றுகூட எனக்கு ஆசையாக இருந்தது. அவர் ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், பழைய கதைங்களையே தலைப்பை மாத்தி வரிசையா போட்டுக்கறேன். மேஜர் செத்தது வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது; நீங்களும் நானும் வாயைத் திறக்காம இருந்தா, அவர் பாட்டுக்கு நூறு வருஷம் இருப்பார்."

ஆக, ஆயுள் முழுக்க உளவுக் கதை எழுதியவனுக்கு உண்மையிலேயே காப்பாற்ற வேண்டிய ரகசியம் என்று ஒன்றே ஒன்றுதான் வாய்த்தது, அதையும் இதோ உங்களிடம் உளறிவிட்டேன், ஆனாலும் சபாபதி பயப்பட வேண்டியதில்லை, என் எழுத்தில் கடைசி வரி வரைக்கும் வந்து படித்தவர் எவர்?